மாமியார் பெயருக்கு எதுகை

முதல் நாள், ஞாயிறு. ரமத் கான்

இஸ்ரேலில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் விமான நிலையத்திலிருந்து வந்த ரயிலில், விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் சிப்பாய்ப் பிள்ளைகளின் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றபோதுதான் உடம்புக்கு அது புரிந்தது.

தோழி நிலையத்துக்கு வந்திருந்தாள். சென்னையில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் பரதம் பயின்றவள். அவளுடைய தமிழில் இன்னும் கொஞ்சம் மயிலாப்பூர் மிச்சம் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் முன் சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு சபீஹ் கடையில் நிறுத்தினாள். கடைக்காரர் பீட்டா ரொட்டியின் வாயைப் பிளந்து, உள்ளே ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுதைத் தடவி, எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய்த் துண்டுகளைத் திணித்து, பழுப்பேறிய அவித்த முட்டையை நறுக்கிப் போட்டார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கவிழ்த்து மஞ்சளாக எதையோ பீய்ச்சினார். வெந்தயமும் மாங்காயும் சேர்ந்த வாசனை. என் மூக்கு என்னை நேரே எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடிக்குக் கொண்டுபோய்விட்டது.

"அம்பா" என்றாள் தோழி. மராத்தியில் மாம்பழத்துக்கு உள்ள பெயர்தான். பம்பாயில் வணிகம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக்குக்குப் போய், அங்கிருந்து 1950, 51இல் விமானம் ஏறி இங்கே வந்து சேர்ந்த ஊறுகாய். அந்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு வந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் இந்த ஊரில் குடியேறியதால் ரமத் கானை 'ரமத் பாக்தாத்' என்று கேலியாகச் சொல்வார்கள்.

நான் வந்தது ஊறுகாயைத் தேடி அல்ல. பாக்தாத் யூதர் வீட்டுத் திருமணங்களில் தக்காக்கா என்று ஒருத்தி இருந்தாள். அரபியில் 'தட்டுகிறவள்' என்று பொருள். நான்கைந்து பெண்கள் கூட்டாக வருவார்கள். தஃப், நகரா என்று கையில் கிடைத்த தோல் வாத்தியங்களைத் தட்டிக்கொண்டு, மருதாணி இரவிலும் திருமணத்திலும் ஆண் குழந்தையின் விருத்தசேதன விருந்திலும் பாடுவார்கள். வாரங்களின் திருவிழா என்ற யூதப் பண்டிகையின்போது எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கல்லறை உள்ள அல்-கிஃப்லுக்கு யாத்திரை போகும் கூட்டத்துக்கும் அவர்கள் பாட்டு உண்டு. பழைய பாட்டை எடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை அதில் கோத்து, அந்த நிமிடத்தில் புதிய அடிகளைக் கட்டிவிடுவார்கள். தோழியின் பாட்டியுடைய தாயார் அப்படிப்பட்ட ஒரு தக்காக்கா.

"பாட்டி பாடுவாரா?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் பீபியிடம் நேராகக் கேட்டுவிடாதே" என்றாள். பீபி என்றால் ஈராக் அரபியில் பாட்டி. வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறாராம். இன்னும் ஐந்து நாள்.

இரண்டாம் நாள், திங்கள். ஓர் யெஹுதா

பாபிலோனிய யூத மரபு மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1950களில் ஈராக்கிலிருந்து வந்தவர்களைக் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் குடியமர்த்திய பகுதி இது. அருங்காட்சியகத்துக்குள் பாக்தாத் யூதத் தெரு ஒன்றை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் கடைகள். ஒரு மூலையில் திருமண உடைகள்.

வழிகாட்டியாக வந்த முதியவர் பாக்தாதில் பிறந்தவர். தெருவைக் காட்டிவிட்டு, "இதில் இல்லாதது ஒன்றுதான். இரைச்சல்" என்றார். 1920களில் பாக்தாதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். அரசாங்க அலுவலகம், சந்தை, இசை என்று எங்கும் அவர்கள் இருந்தார்கள். 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோது ஈராக் அனுப்பிய பாடகர் முகம்மது அல்-குப்பாஞ்சி முஸ்லிம்; அவருக்கு வாசித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். சாலிஹ், தாவூத் அல்-குவைத்தி என்ற சகோதரர்கள் போட்ட மெட்டுகளை ஈராக் இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறது. அவர்களும் 1951இல் இங்கே வந்தவர்கள்தாம்.

ஆனால் இவையெல்லாம் ஆண்களின் கதை, பதிவாகியிருக்கிறது. குப்பாஞ்சியின் குரலை இசைத்தட்டில் கேட்கலாம். தக்காக்காவை யார் இசைத்தட்டில் பதிவு செய்தார்கள்? பெண்கள் மட்டும் கூடிய முற்றத்தில், பெண்களுக்காக, பாதி கெட்ட வார்த்தையோடு பாடியது அது. கூலி வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போகிறவள் என்பதால் மரியாதையும் கொஞ்சம் மட்டுதான். திருமணத்துக்கு அவள் இல்லாமல் முடியாது; ஆனால் அவள் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். இந்த இரட்டைக் கணக்கை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரிலும் பறையும் நாகஸ்வரமும் இல்லாமல் எந்தக் காரியம் நடந்தது?

முதியவர் ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டினார். மாமியார் மருமகளைப் பார்த்துப் பாடுவதாக வரும் பாட்டு. "பலே, பலே, நீ செய்த காரியத்துக்கு! பாடுபட்டதும் நான், அல்லல் பட்டதும் நான். ஆயத்தமாக இருந்தவனை வந்து எடுத்துக்கொண்டவள் நீ." ஈராக் யூதர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்றார். அவர் அதைச் சொன்ன அரபி பாக்தாத் முஸ்லிம்களின் அரபி அல்ல. 'நான் சொன்னேன்' என்பதற்கு அவர்கள் 'கிலித்' என்பார்கள், யூதர்கள் 'கெல்து' என்பார்கள். ஒரே நகரம், வாயைத் திறந்தால் யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். எழுதும்போது அந்த அரபியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும்கூட அந்த மொழியில், அந்த எழுத்தில் பத்திரிகைகள் அச்சாகியிருக்கின்றன. இந்தியாவில் வெளியான அரபிப் பத்திரிகை, எபிரேய எழுத்தில்! இதைச் சொன்னதும் என்னைவிட முதியவர்தான் அதிகம் பெருமைப்பட்டார்.

மூன்றாம் நாள், செவ்வாய். ரோஷ் ஹாஅயின்

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். பிழை என்னுடையது. எபிரேய எழுத்துகளை இன்னும் வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகவில்லை.

இது யேமன்காரர்களின் ஊர். 1949, 50இல் ஏடன் வழியாக விமானத்தில் வந்த சுமார் ஐம்பதாயிரம் பேரில் பலரை இங்கே முகாமில் வைத்தார்கள். முகாமே பின்னர் ஊராயிற்று. யேமன் யூதர்களின் வீட்டில் பாட்டு இரண்டு அறைகளாகப் பிரிந்து கிடந்தது. ஆண்களின் அறையில் திவான் என்ற பாட்டுத் தொகுப்பு இருக்கும். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடல்கள் அதில் நிறைய. ஒரு வரி எபிரேயம், அடுத்த வரி அரபி என்று மாறி மாறி வரும்; பக்தியும் தத்துவமுமாக இருக்கும். பெண்களுக்கு எழுத்து கற்பிக்கப்படவில்லை. அவர்கள் அறையில் புத்தகமும் இல்லை, எபிரேயமும் இல்லை. பேச்சு அரபியில், மனப்பாடமாக, பாதி அன்றன்று கட்டியதாகப் பாட்டு நடந்தது. தாயைப் பிரிந்து போகும் சிறுமி, சக்களத்தி (அங்கே பலதார மணம் இருந்தது), வெளியூர் போய்த் திரும்பாத கணவன் ஆகியவைதாம் பொருள். ஆண்கள் கடவுளோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெண்கள் நடந்ததைப் பேசியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் தோழிக்கு இந்த வாக்கியம் பிடிக்கவில்லை. ஷபாஸி காதலும் எழுதியிருக்கிறார் என்று சண்டைக்கு வந்தாள். சரி, விட்டுவிட்டேன்.

மாலையில் ஒரு மருதாணி விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். வாடகை மண்டபம், ஒலிபெருக்கி, கூலிக்கு எடுத்த மணப்பெண் உடை. தலையில் கூம்பு போல் எழுந்த முத்துக் கிரீடம். அதன் ஓரமெல்லாம் பூவும் அருவதா இலைக் கொத்துமாகச் செருகியிருந்தார்கள். அருவதா கண்ணேறு கழிக்குமாம். பக்கத்தில் போனபோது அந்தக் கசப்பு வாசனை சென்ட்டையும் மீறி அடித்தது.

பாட வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் செப்புத் தட்டு, இன்னொருத்தியிடம் தகர டின். சும்மா டின் இல்லை. நான்கு மூலை மண்ணெண்ணெய் டின். பழங்காலத்தில் எருசலேம் கோயில் இடிந்த துக்கத்துக்காக வாத்தியம் கூடாது என்ற விதியை யேமன் யூதர்கள் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். தட்டும் டின்னும் பாத்திரம்தானே, வாத்தியம் இல்லையே! விதியை மீறாமல் விதிக்குப் பக்கத்தில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. டின்காரி விரல் நுனியால் ஓரத்தில் தட்டும்போது மழைத்தூறல் போலவும், உள்ளங்கையால் நடுவில் அறையும்போது கதவு சாத்துவது போலவும் கேட்டது.

ஒருத்தி அடி எடுக்க, மற்றவள் அதையே திருப்பிப் பாடினாள். அந்தத் திருப்பலின் பயன் எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டாமவள் பாடும் நேரத்தில் முதலாமவள் அடுத்த அடியை யோசித்துக்கொள்கிறாள். அவள் கண்கள் அப்போது கூட்டத்தை மேய்கின்றன. யார் வந்திருக்கிறார்கள், யார் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கின்றன. ஆனால் அன்று அந்தக் கண்கள் அதிகம் அலையவில்லை. மண்டபத்தில் இருந்த இளைஞர்களில் அரபி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மணப்பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் வந்த இடங்களில் மட்டும் கைதட்டல் எழுந்தது. மற்ற அடிகள் முந்திய வாரம் வேறு மண்டபத்தில் பாடியவையாக இருக்கலாம். குலவை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. நாக்கைச் சுழற்றி எழுப்பும் அதே குலவைதான். நானும் ஒன்று விட்டேன். பக்கத்து மேசைக் கிழவி திரும்பிப் பார்த்து, நீ எந்த ஊர் யேமன்காரி என்று கேட்டாள்.

நான்காம் நாள், புதன். எருசலேம்

தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகம். ராபர்ட் லாக்மன் என்ற ஜெர்மன் யூத இசையறிஞர் 1935இல் பெர்லினிலிருந்து எருசலேம் வந்து, பதிவுக் கருவியோடு இந்த வேலைக்கு அடி போட்டார். அவர் 1929இலேயே துனீசியாவின் ஜெர்பா தீவுக்குப் போய், அங்குள்ள யூதர்களின் பாட்டைப் பதிந்தவர். வேத ஓதல் போல ஆண்கள் தொழுகைக்கூடத்தில் பாடுவதற்கு ஒரு பங்கு, பெண்கள் பறை தட்டி அரபியில் பாடுவதற்கு ஒரு பங்கு என்று இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். நூல் 1940இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

காதில் மாட்டிக்கொண்டு மதியம் முழுவதும் கேட்டேன். ஒரு பதிவு மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஈராக் யூதப் பெண் ஒருத்தி, வயதான குரல். பின்னால் தஃப். ஓர் அடியின் முடிவில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. உடனே அறையில் இருந்தவர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள். யாரோ ஒருத்தி 'போதும், போதும்' என்பது போல ஏதோ சொல்கிறாள். பாடியவளே சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கிறாள்.

தோழி மூன்று முறை ஓட்டிக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் புரிகிறது என்றாள். "அவள் சன்னல் ஓரம் துணி காயப்போட்டாள், அவ்வளவுதான்."

"இதில் என்ன சிரிப்பு?"

"அந்தச் சன்னலுக்கு எதிரே யார் வீடு என்று தெரிந்தால் சிரிக்கலாம்."

திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. மலைச் சாலையில் பஸ் இறங்கும்போது எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள், வியாழன். ப்னெய் ப்ராக்

ரமத் கானுக்கு ஒட்டிய ஊர்; ஆனால் வேறு உலகம். கறுப்புக் கோட்டு, உரோமத் தொப்பி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழி. இது அரபி யூதர் மரபே அல்ல. இருந்தும் வந்ததற்குக் காரணம், திருமணத்தில் அந்த நேரத்தில் செய்யுள் கட்டுகிறவர் இங்கே இன்னமும் தொழில் செய்கிறார் என்பதுதான். அவருக்குப் பாட்கன் என்று பெயர். நள்ளிரவுக்குப் பிறகு, மணமகளோடு உறவினர் ஒவ்வொருவராக ஆடும் நேரம் வரும். அப்போது பாட்கன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, தாத்தா பெருமை சொல்லி, கொஞ்சம் குத்தி, எதுகையோடு அழைக்கிறார். பெண்கள் பக்கத்துத் தடுப்பின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிந்தது. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். இரு வீட்டாரையும் முன்கூட்டியே விசாரித்து எழுதிக்கொண்டு வந்த உறவுப் பட்டியலாம். மண்டபமே சிரித்தது, அழுதது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

இரவு மூன்று மணிக்குப் படுத்தேன்.

ஆறாம் நாள், வெள்ளி. மறுபடி ரமத் கான்

வெள்ளிக்கிழமை பிற்பகலோடு பெரும்பாலான பஸ்கள் நின்றுவிடும். சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள்; அதன் பிறகு பக்தியுள்ள வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், வாத்தியம் தொடமாட்டார்கள், காசைக் கையில் எடுக்கமாட்டார்கள். பீபியின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

எண்பத்தெட்டு வயது. சமையலறையில் நின்றுகொண்டு த்பீத் பானையை மூடிக்கொண்டிருந்தார். அரிசி அடைத்த கோழி, அதைச் சுற்றி அரிசி, மேலே முட்டைகள். இரவெல்லாம் சிறு தணலில் இருந்து காலையில் முட்டை பழுப்பாகும். முதல் நாள் சாப்பிட்ட சபீஹின் முட்டைக்கு ஊர் இந்தப் பானைதான். மூடியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டுச் சுற்றிக் கட்டினார், பிள்ளைக்குச் சளி பிடித்ததுபோல.

பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"என் தாய் தக்காக்கா என்று இவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். நாற்பது வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை, ஐனி."

ஐனி என்றால் 'என் கண்ணே'. நம் சொல்லேதான்.

சிறுமியாக அவருடைய வேலை, தஃப்பைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னால் போவது. குளிர்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். கல்யாண வீட்டுக் கணப்புச் சட்டிக்கு நேரே பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதிகம் காய்ந்தால் கிழிந்துவிடும். நகத்தால் சுண்டிப் பார்த்து, 'டங்' என்று வந்தால் தாயிடம் நீட்டவேண்டும். இன்னொரு வேலையும் இருந்தது. அதுதான் முக்கியம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே அந்தத் தெருவில் விளையாடப் போவது.

"விளையாடவா?"

"விளையாட இல்லை. கேட்க. பெண்ணின் அத்தைக்கும் அம்மாவுக்கும் பேச்சு உண்டா? மாப்பிள்ளையின் தம்பி யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? யார் கொடுப்பார்கள், யார் கஞ்சன்? எல்லாம் கேட்டு வந்து இரவு தாயிடம் சொல்வேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வாள். அவளுக்கு எழுதத் தெரியாது."

அடி விழுந்ததும் பணம் விழும். பணம் விழுந்ததும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி 'ஷோபாஷ்!' என்று கூவுவார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சபாஷ்! பாரசீகச் சொல் ஒன்று இந்தப் பக்கம் போய்ப் பணமாயிற்று; எங்கள் பக்கம் வந்து வெறும் பாராட்டாயிற்று. யாருக்கு லாபம் என்று சொல்லவேண்டியதில்லை.

1951இல் ஆளுக்கு இவ்வளவுதான் சாமான் என்று அளந்தார்கள். தஃப்பைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்களாம். இங்கே தகரக் கொட்டகையில் வேறொரு தஃப் வாங்கிக் கொடுத்தும் தாய் இரண்டு கல்யாணங்களோடு நிறுத்திவிட்டாள்.

"ஏன்? அரபி கூடாது என்று தடுத்தார்களா?"

"அதுவும் உண்டு. தெருவில் அரபி பேசினால் நாங்களே எங்கள் பெரியவர்களின் வாயைப் பொத்துவோம்." பீபி கைகளை சமையல் ஏப்ரனில் துடைத்தார். "ஆனால் அது இல்லை. முதல் கல்யாணத்தில் பெண் வீடு பஸ்ராக்காரர்கள், மாப்பிள்ளை வீடு மோசூல். பக்கத்துக் கொட்டகை ருமேனியாக்காரி. என் தாய் எழுந்து நின்று சுற்றிப் பார்த்தாள். ஒரு முகமும் தெரியவில்லை. பழைய பாட்டை மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்."

தோழி மணியைப் பார்த்தாள். கடைசி பஸ் போயிருந்தது. பீபி அதைக் கவனித்துவிட்டு, இனி இந்த இந்தியாக்காரி எங்கே போகப்போகிறாள் என்பதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையின் மேல் அலுமினியத் தட்டு ஒன்று கவிழ்ந்திருந்தது. விரல் அதன் ஓரத்தில் ஏறியது.

"உன் பெயர்?"

சொன்னேன்.

"தாய் பெயர்? எத்தனை பிள்ளைகள்? கணவன் என்ன வேலை? அவனுக்குச் சம்பளமா, கடையா? யார் வீட்டில் இருக்கிறீர்கள், உன் வீட்டிலா அவன் வீட்டிலா?"

தோழி மொழிபெயர்க்க முடியாமல் திணறினாள். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். பீபி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமியார் பெயர்?"

சொன்னேன். ஏழெழுத்துப் பெயர். பீபி கண்ணைத் திறந்தார். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"இதற்கு எதுகை கிடைக்க ஒரு வாரம் ஆகும். அவளை விட்டுவிடுவோம்."

தட்டில் தாளம் ஏறியது. கட்டைவிரல் நடுவில், மற்ற விரல்கள் ஓரத்தில். குரல் மெல்லியதாக, ஆனால் நடுங்காமல் வந்தது. இரண்டே அடி. தோழி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: "அம்பா விளையும் நாட்டிலிருந்து ஒருத்தி வந்தாள், ஐனி, வெந்தயம்கூட இல்லாமல் வெறும் கையை வீசி வந்தாள்."

"ஷோபாஷ்!" என்று பீபி உள்ளங்கையை நீட்டினார்.

வெட்கத்தோடு பையைத் துழாவினேன். கிடைத்தது ஒரு 20 ஷேக்கல் நோட்டு. அதில் ராகேல் என்ற எபிரேயக் கவிஞரின் முகம் அச்சாகியிருக்கும். பீபி வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

"இருபதுக்கு இவ்வளவுதான்" என்றார். மெழுகுவர்த்தி ஏற்ற எழுந்து போனார்.